வீடியோ விளையாட்டும் ‘நான்’ என்ற சொல்லும்

2020 ஜூன் மாதத்தில் போலந்தின் அன்றைய பிரதமர் மத்தேயுஸ் மொராவியெட்ஸ்கி வெளியிட்ட அறிவிப்பு ஒன்று வெளிநாட்டுப் பத்திரிகைகளின் கவனத்தை ஈர்த்தது. பாடசாலை மாணவர்களுக்குப் பரிந்துரைக்கப்படும் நூல்களின் பட்டியலில் ஒரு வீடியோ விளையாட்டும் சேர்த்துக்கொள்ளப்படும் என்பதே அந்த அறிவிப்பு. அந்த விளையாட்டின் பெயர் ‘திஸ் வோர் ஒஃப் மைன்’. ‘என்னுடைய இந்த யுத்தம்’ என்று தமிழில் சொல்லலாம். தலைநகர் வார்சோவில் இயங்கும் 11 பிட் ஸ்டூடியோஸ் என்ற நிறுவனம் 2014 ஆம் ஆண்டில் அதனை வெளியிட்டது. பதினெட்டு வயதை எட்டிய மேல்வகுப்பு மாணவர்கள் சமூகவியல், ஒழுக்கவியல், தத்துவம், வரலாறு ஆகிய பாடங்களுடன் இணைத்து அதனை விளையாடலாம் என்று பரிந்துரைக்கப்பட்டது.

நாவலும் நாடகமும் கவிதையும் இடம்பெறவேண்டிய பட்டியலில் ஒரு விளையாட்டுக்கு என்ன வேலை என்று முகஞ்சுளிப்பவர்கள் எம்மத்தியில் நிறையவே இருப்பார்கள். அவர்களைக் குறைசொல்வதற்கில்லை. எமது பத்திரிகைகளில் வீடியோ விளையாட்டு பெரும்பாலும் இரண்டு வடிவங்களிலேயே செய்தியாகிறது. ஒன்று, பரீட்சைக்குப் படிக்காமல் இரவிரவாக விளையாடிக் கெட்டுப்போன பிள்ளையைப் பற்றியது. மற்றையது, அந்தத் தொழில்துறை சம்பாதிக்கும் பில்லியன் கணக்கான டொலர்களைப் பற்றியது. கோடிக்கணக்கான மனிதர்கள் ஏதோவொரு விளையாட்டை ஏன் இந்தளவுக்கு நேசிக்கிறார்கள் என்ற கேள்வி எமது பக்கங்களில் அபூர்வமாகவே எழுப்பப்படுகிறது.

இதைச் சிறுபராயத்து மோகம் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. 1980 ஆம் ஆண்டில் ஜப்பானில் ‘பக்மன்’ வந்தது. 1985 ஆம் ஆண்டில் ‘சுப்பர் மரியோ’ வந்தது. அவற்றை விளையாடிய சிறுவர்கள் இன்று ஐம்பது வயதை அண்மித்தும் கடந்தும் இருக்கும் தாய் தந்தையர். தங்களுக்குப் பிடித்தமான விளையாட்டின் பெயரை அவர்கள் சொல்லும்போது, பழைய பள்ளித் தோழன் ஒருவனைப் பற்றிப் பேசுகின்ற குரல் வந்துவிடுகிறது.

நான் விளையாடுபவன் அல்லன். என் விரல்களுக்கு அந்த வேகம் கிடையாது. சொற்களுடன் காலத்தைக் கழித்த பத்திரிகையாளன் என்ற முறையில், விளையாடுபவர்களின் பேச்சுமொழியில் எனக்குத் தென்பட்ட ஒரு விடயத்திலிருந்து இந்தக் கேள்வியை அணுக விரும்புகின்றேன்.

நாவல் ஒன்றை வாசிப்பவர் அதன் நாயகனைப் பற்றிப் பேசும்போது ‘அவன்’ என்றுதான் சொல்வார். திரைப்படம் பார்த்துவிட்டு வருபவரும் அப்படித்தான். கதாநாயகி இறந்தால் வாசகர் கண்ணீர் விடுவார். ஆனால், ‘நான் இறந்துவிட்டேன்’ என்று ஒருபோதும் சொல்லமாட்டார். விளையாடுபவரின் இலக்கணம் வேறு. சாப்பிட வரும்படி தாய் அழைக்கும்போது, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், “கொஞ்சம் பொறுங்கோ அம்மா, இப்ப விட்டா நான் செத்துப் போவன்” என்று பிள்ளை சொல்வதைக் கேட்காத வீடு இன்று குறைவு. மரியோ விழுந்துவிட்டான் என்று எந்தப் பிள்ளையும் சொல்வதில்லை. ‘விழுந்திட்டன்’ என்பதே பேச்சு. அந்தத் தன்மை ஒருமையை எவரும் அவர்களுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. ஆங்கிலத்தில் விளையாடும் பிள்ளையும் தமிழில் விளையாடும் பிள்ளையும் தாமாகவே அந்தச் சொல்லை வந்தடைகிறார்கள்.

மனிதர்கள் விளையாட்டுக்களை நேசிப்பதற்கான காரணம் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது என்பதே எனது அபிப்பிராயம். ஏனைய கலைகள் பிறருக்கு நேர்ந்ததை எமக்குக் காட்டுகின்றன. விளையாட்டோ செயலை எமது கையில் தந்துவிடுகிறது. செய்தது நானென்றால் பெருமையும் எனக்குரியது. குற்ற உணர்ச்சியும் எனக்குரியது.

மிகவும் எளிமையான உதாரணம் ‘டெட்ரிஸ்’. 1984 ஆம் ஆண்டில் மொஸ்கோவில் சோவியத் விஞ்ஞானக் கழகத்தின் கணினி நிலையத்தில் பணியாற்றிய அலெக்சி பஜித்னோவ் அதனை உருவாக்கினார். அவர் பயன்படுத்திய ‘எலெக்ட்ரோனிகா 60’ என்ற கணினியில் படங்களை வரையும் வசதி இருக்கவில்லை. எனவே, எழுத்துக்களுக்குரிய அடைப்புக்குறிகளைக் கொண்டே கட்டங்களை அமைத்தார். அதன் உரிமை சோவியத் அரசிடம் இருந்த காரணத்தினால், உலகம் முழுவதும் பரவிய அந்த விளையாட்டுக்கான உரிமைத்தொகை 1996 ஆம் ஆண்டு வரை அவரது கைக்கு வரவில்லை.

டெட்ரிஸில் கதை இல்லை, பாத்திரங்கள் இல்லை, பகைவன்கூட இல்லை. மேலிருந்து விழும் கட்டிகளை இடைவெளியின்றி அடுக்கவேண்டும். அடுக்கிய வரிசை மறையும். அடுக்கத் தவறியது அப்படியே கிடக்கும். வேகம் கூடிக்கொண்டே போகும். அந்த விளையாட்டில் வெற்றி என்று ஒன்று வகுக்கப்படவில்லை. தோல்வியை எவ்வளவு நேரத்துக்குத் தள்ளிப்போடலாம் என்பதே விளையாட்டு. அப்படியிருந்தும் மக்கள் அதைக் கைவிடாதது ஏன்? திரையில் குவிந்து கிடக்கும் குளறுபடி முழுவதும் தன்னால் ஆனது என்பதும், அதைச் சீர்செய்யும் வழியும் தன்னிடமே இருக்கிறது என்பதும் விளையாடுபவருக்குத் தெரியும். வாழ்க்கையில் எமக்கு வரும் துன்பங்களில் எது எம்மால் வந்தது, எது பிறரால் வந்தது என்று பிரித்தறிவதற்கே பாதி ஆயுள் போய்விடுகிறது. அங்கே அந்தக் குழப்பம் இல்லை. தோற்றவர் மறுகணமே புதிதாகத் தொடங்கலாம். பழைய தோல்வியை எவரும் சொல்லிக்காட்டுவதில்லை.

1989 ஆம் ஆண்டில் நின்டென்டோ வெளியிட்ட டெட்ரிஸை, அதற்குமேல் இயங்க முடியாமல் அது உறைந்து நிற்கும் கட்டம்வரை 2023 டிசம்பரில் 13 வயது அமெரிக்கச் சிறுவன் ஒருவன் விளையாடி முடித்தான். 34 ஆண்டுகளில் எந்த மனிதரும் அந்த இடத்தை எட்டியதில்லை. சில நாட்களுக்கு முன்னர்தான் அவனது தந்தையார் காலமாகியிருந்தார். தனது சாதனையை அவன் தந்தைக்குச் சமர்ப்பித்தான். ‘விளையாட்டில் வென்றால் வாழ்க்கையில் வென்றதாகுமா?’ என்று கேட்பவர்கள், சாவு விழுந்த ஒரு வீட்டில் அந்தப் பிள்ளைக்கு அப்போது வேறு எது தன் கைவசம் இருந்தது என்பதையும் யோசிக்கவேண்டும்.

இனி, போலந்தின் அந்த விளையாட்டுக்கு வருவோம். யுத்தத்தைச் சித்திரிக்கும் விளையாட்டுக்கள் எண்ணற்றவை. அநேகமாக எல்லாவற்றிலும் விளையாடுபவர் துப்பாக்கி ஏந்திய படைவீரர். ‘திஸ் வோர் ஒஃப் மைன்’ விளையாடுபவரோ முற்றுகையிடப்பட்ட ஒரு நகரத்தில் சிக்கிக்கொண்ட சாதாரண மக்கள். 1992 ஏப்ரலில் இருந்து 1996 பெப்ரவரி வரை, 1425 நாட்கள் நீடித்த சரயேவோ முற்றுகையே அதற்குத் தூண்டுதலாக அமைந்தது. நகரத்துக்குக் கற்பனைப் பெயர்தான் சூட்டப்பட்டிருக்கிறது. குண்டுவீச்சில் சிதைந்த ஒரு வீட்டில் மூவர் இருக்கிறார்கள். ஒருவர் காற்பந்தாட்ட வீரர், ஒருவர் சமையற்கலைஞர், இன்னொருவர் பத்திரிகைச் செய்தியாளரான பெண். பகலில் வெளியே தலைகாட்ட முடியாது. குறிபார்த்துச் சுடுபவர்கள் காத்திருப்பார்கள். அடுப்பு, கட்டில், மழைநீர் வடிகட்டி என்று இருப்பதைக் கொண்டு எதையாவது செய்யவேண்டும். இரவில் ஒருவர் வெளியே போய் உணவும் மருந்தும் விறகும் தேடிக்கொண்டு வரவேண்டும்.

1990களில் யாழ்ப்பாணக் குடாநாட்டின் மீது விதிக்கப்பட்டிருந்த பொருளாதாரத் தடையின் கீழ் வாழ்ந்தவர்களுக்கு இவற்றில் எதுவும் கற்பனையாகத் தோன்றாது. மண்ணெண்ணெயைச் சிக்கனப்படுத்துவதற்கு ஜாம் போத்தலுக்குள் ஏற்றிய விளக்கு, பற்றரி கிடைக்காத காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றிக் கேட்ட வானொலி, சவர்க்காரத்துக்கு வந்த தட்டுப்பாடு, முற்றத்தில் வெட்டிய பதுங்குகுழி ஆகியவற்றுடன் வாழ்ந்த ஒரு தலைமுறை இன்றும் இருக்கிறது. அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் விளையாடிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த விளையாட்டில் ஒரு வீடு வருகிறது. வயோதிபத் தம்பதியர் இருவர் மட்டுமே அங்கு வசிக்கிறார்கள். அவர்களிடம் உணவும் மருந்தும் இருக்கின்றன. அவர்களால் எதிர்த்துப் போராட முடியாது. எடுத்துச் செல்ல வேண்டாம் என்று அந்த முதியவர் கெஞ்சமட்டுமே செய்வார். விளையாடுபவரின் வீட்டிலோ ஒருவர் நோயுற்றுக் கிடக்கிறார், அடுப்பில் நெருப்பில்லை. என்ன செய்வது? விளையாட்டு எந்த உத்தரவையும் தருவதில்லை, எதையும் தடுப்பதுமில்லை. எடுத்துக்கொண்டு வந்தால் பசி தீரும். ஆனால், எடுத்து வந்தவர் மனமுடைந்து போவார். வீட்டில் இருப்பவர்களும் செய்ததை எண்ணிக் குமைவார்கள்.

பல ஆண்டுகள் கழிந்த பின்னரும் அந்த வீட்டை மறக்க முடியவில்லை என்று சொல்கிறவர்கள் நிறையப்பேர். அவர்கள் கதைக்கும்போது கவனியுங்கள். ‘அந்த முதியவர்களிடம் கொள்ளையடித்தார்கள்’ என்று அவர்கள் சொல்வதில்லை. ‘நான் எடுத்தேன்’ என்றே சொல்கிறார்கள்.

யுத்த காலத்தில் செய்தி ஆசிரியர் மேசையில் இருந்த எம்போன்றவர்களுக்கு இது சாதாரண விடயமல்ல. காலையில் ஒன்றாக இருந்த மரண எண்ணிக்கை, இரவு பத்திரிகை அச்சுக்குப் போகும் வேளையில் இன்னொன்றாகியிருக்கும். நாம் தலைப்பை மாற்றுவோம். வாசகர் அந்த எண்ணிக்கையைப் படித்துப் பெருமூச்செறிந்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டுவார். அதற்குமேல் அவரை இழுத்து நிறுத்தும் சக்தி எமது தொழிலுக்கு அபூர்வமாகவே கைகூடியது. ஒரு நேர உணவுக்காக ஒரு மனிதர் தன் மனச்சாட்சியுடன் எத்தகைய பேரத்துக்கு வரவேண்டியிருக்கிறது என்பதை, யுத்தத்தையே கண்டிராத ஓர் இளைஞனின் நெஞ்சில் அந்த விளையாட்டினால் பதிக்க முடிந்திருக்கிறது. 2022 பெப்ரவரியில் ரஷ்யா உக்ரேன் மீது படையெடுத்தபோது, ஒரு வார காலத்தில் அந்த விளையாட்டின் விற்பனையால் கிடைத்த வருமானம் முழுவதையும் 11 பிட் ஸ்டூடியோஸ் நிறுவனம் உக்ரேன் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு வழங்கியது. 8 இலட்சம் டொலர்களுக்கும் மேற்பட்ட தொகை அது.

விளையாடுபவரின் கையில் செயலைக் கொடுப்பதன் மூலமே மனதைத் தொடமுடியும் என்றால், அதைப் பறித்துக்கொள்வதன் மூலமும் தொடமுடியும். அமெரிக்காவைச் சேர்ந்த றையன் கிறீன், ஏமி கிறீன் தம்பதியரின் மகன் ஜோயல் ஒரு வயதிலேயே மூளைப் புற்றுநோயினால் பீடிக்கப்பட்டான். 2014 மார்ச்சில் ஐந்து வயதில் அவன் இறந்தான். அவன் உயிருடன் இருந்தபோதே பெற்றோர் உருவாக்கத் தொடங்கிய ‘தட் ட்ராகன், கான்சர்’ என்ற விளையாட்டு, 2016 ஜனவரியில் வெளிவந்தது. அதில் ஓர் ஆஸ்பத்திரி அறை. குழந்தை அழுகிறது. தகப்பன் தூக்கி ஆட்டிப் பார்க்கலாம், பானம் கொடுத்துப் பார்க்கலாம், நடந்து பார்க்கலாம். எந்தப் பொத்தானை அழுத்தினாலும் அழுகை நிற்பதில்லை. எதையும் செய்யலாம் என்று பழக்கப்பட்ட விரல்களுக்கு அங்கே எதுவுமே செய்ய முடியவில்லை. நோயுற்ற பிள்ளையுடன் விடியும்வரை விழித்திருந்த பெற்றோருக்கு அந்த நிலையை எவரும் விளக்கவேண்டியதில்லை.

நோர்வேயைச் சேர்ந்த மட்ஸ் ஸ்டீன் என்ற இளைஞரின் கதை இதற்கு நேர்மாறானது. தசைகளைப் படிப்படியாகச் செயலிழக்கச் செய்யும் டுஷென் நோயுடன் பிறந்தவர் அவர். சிறுவயதிலேயே சக்கர நாற்காலிக்குள் முடங்கினார். 2014 நவம்பரில் 25 வயதில் காலமானார். நாள் முழுவதும் கணினியின் முன்னால் தனிமையில் கழிந்துபோன வாழ்க்கை என்று பெற்றோர் மனம் வெதும்பினார்கள். மகனின் வலைப்பதிவில் தந்தையார் மரண அறிவித்தலை இட்டார். அதற்குப் பின்னர்தான் ஐரோப்பாவின் பல நாடுகளில் இருந்தும் அனுதாபக் கடிதங்கள் வந்து குவியத் தொடங்கின. ‘வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்ட்’ என்ற விளையாட்டில் ‘இபெலின்’ என்ற பெயருடன் அவர் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்திருக்கிறார். அங்கே அவர் நாள்தோறும் ஓடுவதை வழக்கமாகக் கொண்டிருந்தார். மனம் சோர்ந்தவர்களுக்கு ஆறுதல் சொல்லியிருக்கிறார். தாயும் பிள்ளையும் மீண்டும் பேசிக்கொள்ள வழிகாட்டியிருக்கிறார். ஒஸ்லோவில் நடைபெற்ற இறுதிச்சடங்குக்கு, அவரை ஒரு தடவைகூட நேரில் கண்டிராத நண்பர்கள் வெளிநாடுகளில் இருந்து வந்தார்கள். இந்த வாழ்க்கையைப் பற்றிய ஆவணப்படம் 2024 ஆம் ஆண்டில் வெளியானது. ‘அது உண்மையான வாழ்க்கையல்ல’ என்று எவராவது அந்தப் பெற்றோரிடம் இனிமேல் சொல்லமுடியுமா?

நாணயத்தின் மறுபக்கத்தையும் பார்க்கவேண்டும். ‘நான்’ என்ற உணர்வு இவ்வளவு வலிமையானதாக இருப்பதனாலேயே அதைச் சந்தைப்படுத்துபவர்களும் இருக்கிறார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பெட்டிகளைக் காசு கொடுத்துத் திறக்கவைக்கும் முறையைச் சூதாட்டம் என்று 2018 ஆம் ஆண்டில் பெல்ஜியம் தீர்மானித்தது. விளையாட்டின் மீதான கட்டுப்பாட்டை இழந்து, தனக்குத் தீங்கு நேர்வது தெரிந்தும் விடமுடியாத நிலையை உலக சுகாதார ஸ்தாபனம் நோய்களின் பட்டியலில் சேர்த்தது; 2022 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. பிள்ளைகளைப் பற்றிப் பெற்றோர் கொள்ளும் கவலை வெறும் பழைமைவாதம் அல்ல.

அதைவிடவும் என்னைச் சிந்திக்கவைப்பது வேறொரு உதாரணம். 2002 ஜூலை 4 ஆம் திகதி, தனது சுதந்திர தினத்தன்று, அமெரிக்க இராணுவம் ‘அமெரிக்காஸ் ஆர்மி’ என்ற விளையாட்டை இலவசமாக வெளியிட்டது. இளைஞர்களைப் படையில் சேர்ப்பதற்கு உதவும் சாதனமாகவே அது உருவாக்கப்பட்டது. இருபது ஆண்டுகள் இயங்கிய பின்னர் 2022 மே மாதத்தில் அது மூடப்பட்டது. ஓர் இளைஞனை ‘நான் சுட்டேன்’ என்று சொல்லவைப்பது எவ்வளவு பயனுள்ளது என்பதை, கலை விமர்சகர்கள் உணர்வதற்கு முன்னரே ஓர் இராணுவம் உணர்ந்திருக்கிறது. துப்பாக்கியைக் கையில் கொடுப்பதா, பசித்த வயிற்றைக் கொடுப்பதா என்பதில்தான் அந்த விளையாட்டுக்கும் போலந்தின் விளையாட்டுக்கும் இடையிலான வேறுபாடு தங்கியிருக்கிறது. வீடியோ விளையாட்டு நல்லதா, கெட்டதா என்று பொதுப்படையாகக் கேட்பது புத்தகம் நல்லதா, கெட்டதா என்று கேட்பதற்கு ஒப்பானது. இந்த விளையாட்டு என்னை யாராக்குகிறது என்பதே கேட்கவேண்டிய கேள்வி.

அந்தக் கேள்விக்குத் தமிழர் தரப்பில் இருந்தும் ஒரு நல்ல பதில் வந்திருக்கிறது. ரொறன்ரோவைத் தளமாகக் கொண்ட ‘விசை கேம்ஸ்’ நிறுவனம் 2023 ஜூலையில் ‘வெண்பா’ என்ற விளையாட்டை வெளியிட்டது. 1980களின் இறுதியில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழகத்துத் தம்பதியரான வெண்பாவும் பாவலனும், அவர்களது மகன் கவினும் அதன் பாத்திரங்கள். தாயார் எழுதிக்கொடுத்த சமையற்குறிப்புப் புத்தகம் சிதைந்து எழுத்துக்கள் அழிந்துபோயிருக்கின்றன. இட்லியை எப்படி அவிப்பது, தட்டுக்களை எந்த ஒழுங்கில் அடுக்குவது என்று விளையாடுபவர்தான் கண்டுபிடிக்கவேண்டும். அங்கே சுடுவதற்கு எவருமில்லை. தோசை மாத்திரமே சுடப்படுகிறது. 2024 ஆம் ஆண்டில் பிரித்தானியாவின் பாஃப்டா விருது வழங்கலில் சிறந்த அறிமுக விளையாட்டுக்கான விருதை அது பெற்றது. இட்லியைக் கண்ணால் கண்டிராத உலகின் ஏதோவொரு மூலையில் இருக்கும் ஒருவர், ‘நான் இட்லி அவித்தேன்’ என்று சொல்லும் நிலையை அந்தத் தமிழ் இளைஞர்கள் உருவாக்கியிருக்கிறார்கள். மொழியிலிருந்து விலகிப்போகும் மகனைப் பார்த்து ஒரு தாய்க்கு ஏற்படும் தவிப்பையும் அவர் சேர்த்தே அனுபவிக்கிறார்.

புலம்பெயர்ந்த நாடுகளில் வார இறுதித் தமிழ்ப் பாடசாலைகளை நடத்துபவர்கள் இதைக் கவனத்தில் எடுக்கவேண்டும் என்பது எனது வேண்டுகோள். ‘ஊரில் நாங்கள் பட்ட கஷ்டம் உங்களுக்குத் தெரியாது’ என்று பிள்ளைகளிடம் சொல்லிச் சொல்லி நாம் களைத்துப் போய்விட்டோம். கேட்டுக் கேட்டு அவர்களும் களைத்துப் போய்விட்டார்கள். எமது இடப்பெயர்வுகளையும் பட்டினியையும் இழப்புகளையும் பற்றிய நூல்கள் எழுதப்பட்டிருக்கின்றன, திரைப்படங்கள் வந்திருக்கின்றன. அவை இன்னும் நிறைய வரவேண்டும். சரயேவோ மக்களின் முற்றுகையைப் போலந்துக்காரர்கள் அக்கறையுடன் விளையாட்டாக்கி, அதை ஓர் அரசாங்கம் பாடசாலைக்குள் கொண்டுசெல்ல முடியுமென்றால், எமது அனுபவத்தை எமது பிள்ளைகளே அந்த வடிவத்தில் சொல்ல முற்படுவதில் எந்த இழுக்கும் இல்லை. அதற்கான தொழில்நுட்ப அறிவு அவர்களிடம் இருக்கிறது. கதை எம்மிடம் இருக்கிறது.

இரு தரப்பும் முதலில் பேசிக்கொள்ள வேண்டும். ‘எத்தனை மணித்தியாலம் விளையாடினாய்?’ என்று கேட்பது பெற்றோரின் உரிமை. அதைக் கேட்கத்தான் வேண்டும். அதற்குப் பின்னர் பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்து, ‘இதிலே நீ யார்? என்ன செய்கிறாய்?’ என்றும் கேட்டுப் பாருங்கள். பிள்ளை ‘நான்’ என்று தொடங்கிச் சொல்லும் பதிலை, இடைமறிக்காமல் கடைசிவரை கேளுங்கள்.